பன்னெண்டு பை ஏ

அண்ணாச்சி, முழங்கையைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கிடுங்க. இடிச்சிராதிய, கல்லு. மேல வைக்கலாம்தான், டிரைவரு ஒரு பிரேக்கு போட்டார்னு வைங்க, முன் சீட்டுக்காரர் மண்டையில எங்க வீட்டு நம்பரு பதிஞ்சிரும். அதான் மடியிலயே வச்சிருக்கேன்.

ஆமா, வீட்டு நம்பர்தான். கிரானைட்டு. என்ன கேட்டிய, புது வீடான்னா? கேட்டுட்டியள்லா! இனி பாவூர்சத்திரம் தாண்டுற வரைக்கும் உங்களுக்குத் தூக்கம் கிடையாது.

நம்ம பேரு கோமதிநாயகம். தென்காசியில ஒரு பாத்திரக்கடையில பேரு வெட்டுற சோலி. குடம், தாம்பாளம்னு கல்யாணத்துக்கு வாங்கிட்டு, 'இன்னார் அன்பளிப்பு'ன்னு வெட்டச் சொல்லுவாவள்லா? ஒருத்தன் மூலையில உக்காந்து டுர்ர்ருன்னு மிசினை ஓட்டுவாம்லா? அது நான்தான். பதினோரு வருசமா ஊர்ல உள்ள அம்புட்டுப் பேரையும் வெட்டியாச்சு. நம்ம பேரை எழுதிப் போட நமக்குன்னு ஒரு வாசல் இல்லாம இருந்துச்சு. இப்ப இருக்கு. பன்னெண்டு பை ஏ. தனி வீடு, தனி வாசல், தனி நம்பர்.

ஒண்ணு முதல்லயே சொல்லிருதேன். நான் வீட்டோட மாப்பிள்ளை கிடையாது. உங்க கிட்ட யாராவது அப்படிச் சொன்னா நம்பாதிய.

நடந்தது என்னன்னா, எங்க வீட்டுக்காரி உலகம்மாள் தென்காசிக்காரி, அவிய வீட்டுக்கு ஒரே பிள்ளை. மாமனார் காசிவிஸ்வநாதன், தபால்காரரா இருந்து ரிட்டயர் ஆனவரு. மாமியார் சொர்ணத்தம்மா. உலகு உண்டாயிருந்தப்ப, "மாப்ள, ரெண்டு மாசம் இங்கன இருந்துட்டுப் போங்க"ன்னாவ. ரெண்டு மாசம்தான் அண்ணாச்சி, சாமி சத்தியமா. அது இழுத்துக்கிட்டே போயி நாலு வருசமாயிட்டு. யார் மேல தப்பு சொல்ல? அத்தை வைக்கிற தேங்காப்பால் சொதி மேலதான் சொல்லணும். அதைத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயி வாடகை வீடு பாக்க எவனுக்காவது தெம்பு இருக்குமா?

எங்கம்மா ஆவுடையம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துல எங்க ஊர்ல ஒத்தையில இருந்தா. அப்பா போயிச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. ஆறு மாசம் பொறுத்துப் பாத்தா. அப்புறம் ஒரு நாள் போன்ல சொல்லிப்புட்டா: "ஏல, நீ வீட்டோட மாப்பிள்ளையாப் போயிட்ட. அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். அந்த வீட்டுப் பச்சைத் தண்ணி என் பல்லுல படாது." அவ்வளவுதான், வச்சுட்டா போனை.

எங்கம்மா வாயில ஒரு சொல்லு வந்தா வந்ததுதான். கல்லுல வெட்டுன மாதிரி. இந்தக் கல்லுக் கடைக்காரன் வெட்டியிருக்கான் பாருங்க, 'ஆ'வுக்குச் சுழி சரியாவே விழல, இந்த மாதிரி இல்ல. நான் வெட்டுன மாதிரி. என் மிசினு கல்லை வெட்டாது, இல்லன்னா இவன்கிட்ட எதுக்குத் திருநெல்வேலி வரைக்கும் வரப் போறேன்?

பிள்ளை பிறந்தா. ஆவுடைன்னு எங்கம்மா பேரைத்தான் வச்சோம். அதுக்கும் வரல. ஆனா பேத்தியப் பாக்காமலும் இருக்க முடியல பாத்துக்கிடுங்க. மாசம் ஒரு தடவை தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு வருவா. மூணாவது பெஞ்சு. ஊர்ல இருந்தே ஒரு பாட்டில் தண்ணி கொண்டாருவா, தென்காசித் தண்ணியக் கையால தொட மாட்டா. நான் பிள்ளையத் தூக்கிட்டுப் போவேன். ஒரு மணி நேரம் கொஞ்சுவா, முறுக்கு குடுப்பா, அடுத்த பஸ்ஸுல ஏறிப் போயிருவா. பஸ்ஸு திரும்புற வரைக்கும் ஜன்னல்ல கைய ஆட்டிக்கிட்டே போவா.

அப்புறம் பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேத்தோம். ஒரு நாள் மிஸ்ஸு என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டாவ. முகமே சரியில்ல. "சார், தப்பா நெனைக்காதீங்க. உங்கம்மா ஏதும் கஷ்டப்படுதாங்களா?"ன்னு கேக்காவ. ஏன் மிஸ்ஸுன்னேன். "ஆச்சி வீடு எங்க இருக்குன்னு கேட்டா, பாப்பா பஸ் ஸ்டாண்டுலங்குதா. மூணாவது பெஞ்சாம்"னு சொல்லுதாவ.

சிரிக்கிறிய! நானும் அங்கன சிரிச்சுட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்து குளிக்கப் போனவன் குழாயத் திறந்து விட்டுட்டு அழுதேன் அண்ணாச்சி. அப்பவே முடிவு பண்ணிட்டேன். தனி வீடு.

ராத்திரிச் சாப்பாட்டுல மாமாகிட்ட நேராச் சொன்னேன். "மாமா, நான் தனி வீடு போறேன்." மாமா சோத்துல வச்ச கைய எடுக்கல. "எங்க மாப்ள?"ன்னாரு. "பின்னாடி"ன்னேன்.

சிரிக்காதிய. வீட்டுக்குப் பின்னாடி பழைய மாட்டுத் தொழுவம் சும்மாக் கிடந்துச்சு. மாமா ஒரு உருண்டைய உருட்டி வாயில போட்டுக்கிட்டாரு. "சரி மாப்ள, பாத்துப் பத்திரமாப் போங்க"ன்னாரு. அத்தை முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டாவ. பாவம், மருமகன் பிரிஞ்சு போறானேன்னு அழுகையா இருக்கும்.

மாடக்கண்ணுன்னு ஒரு கொத்தனார். வந்து பாத்தாரு, தொழுவத்தைச் சுத்தி நடந்தாரு. "தம்பி, இதுல ஒரு ரூமு போடலாம்"ன்னாரு. "ரூமு இல்லவே, வீடு"ன்னேன். "பத்துக்குப் பன்னெண்டு இருக்கு. இதுக்குப் பேரு ரூமுதான்." "நிலை வச்சு, பூசை போட்டு, மஞ்சத் துணியில காசு முடிஞ்சு கட்டினா அதுக்குப் பேரு என்னவே?" யோசிச்சாரு. "வீடு"ன்னாரு. "அப்ப வைங்க நிலைய"ன்னேன். சும்மா சொல்லக் கூடாது, வேப்ப மரத்துல நல்ல நிலையா வச்சுக் குடுத்தாரு.

இடம் மாமா இடம்தான், ஒத்துக்கிடுதேன். இடம் மட்டும்தான். செங்கலு தொழுவத்துச் செங்கலு, அதுவும் மாமாதுன்னு வைங்க. மேக்கால பக்கம் ஒரு முடுக்கு போகுது, ரெண்டு ஆளு எதுத்தாப்புல வந்தா ஒருத்தரு பின்னால போகணும், அம்புட்டுத்தான் அகலம். அந்த முடுக்குப் பக்கம் சுவத்த இடிச்சு நமக்குன்னு ஒரு வாசல் வச்சேன். மாமா வீட்டு முத்தத்துக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல ஒரு சுவரு எழுப்பினேன். இனி ஒருத்தன் வாயத் திறக்க முடியுமா? மாமா வீட்டு வாசல் தெருவுல. எங்க வீட்டு வாசல் முடுக்குல. எங்க இருக்கு வீட்டோட மாப்பிள்ளை?

ஒரே ஒரு இடத்துலதான் கொத்தனாரு சிக்கல் பண்ணிட்டாரு. ஒரு சுவரு மிச்சம் பிடிக்கலாம்னு, அத்தை அடுப்பங்கரைச் சுவத்தையே நம்ம வீட்டுக்கும் சுவரா வச்சுட்டாரு. அந்தச் சுவத்துல ஏற்கனவே ஒரு ஜன்னல் இருந்துச்சு. அதை அடைச்சா அடுப்பங்கரை இருட்டாயிரும்னு அத்தை சொன்னாவ. நல்ல மனசோட விட்டுக் குடுத்தேன். ஆனா கண்டிசன் போட்டுட்டேன்: எப்பவும் மூடியே இருக்கணும். காலையில இட்லிக்கு, மத்தியானம் சோத்துக்கு, ராத்திரி தோசைக்கு, இந்த மூணு நேரம்தான் திறக்கலாம். நடுவுல காப்பி வந்தா அது தனி.

அதுக்கும் கணக்கா இருந்தோம்லா! எங்க வீட்டு ஏனம் அம்புட்டுலயும் '12/A'ன்னு நானே வெட்டிட்டேன். தட்டு, கிண்ணி, கரண்டி, பிள்ளையோட பால் தம்ளர் வரைக்கும். போற கிண்ணியும் வாற கிண்ணியும் மாறிறக் கூடாதுல்லா.

நம்பருக்கு முனிசிபாலிட்டியில எழுதிப் போட்டு, அலைஞ்சு, அது வந்ததும் கதவுல பெயிண்டால பெருசா எழுதினேன். மாமாவுக்கு ஒரு சந்தேகம். "மாப்ள, நம்பரு இருந்தாப் போதாது. தபால் வரணும். தபால் வந்தாத்தான் அது விலாசம்"ன்னாரு. தொழில் பாத்த மனுசன்லா. அவரே ஒரு கார்டு வாங்கி, என் பேரு, 12/A-ன்னு எழுதி, போயிப் பெட்டியில போட்டுட்டு வந்தாரு.

மூணாவது நாள் புதுத் தபால்காரப் பையன் வந்தான். நேரா மாமா வீட்டு வாசல்ல சைக்கிள நிறுத்தி, "ஐயா, உங்க மருமகனுக்குக் கார்டு"ன்னு நீட்டினான். மாமாவுக்கு வந்துச்சே ஒரு கோவம்! "எப்பா, நம்பரைப் பாரு. இது பன்னெண்டு. அது பன்னெண்டு பை ஏ. வேற கதவு"ன்னாரு. "குடுத்திருங்கய்யா, ஒரே வீடுதான"ன்னான். "இந்தத் தெருவுல இருபத்தெட்டு வருசம் தபால் குடுத்தவன் சொல்லுதேன், வேற வீடு, வா எங்கூட"ன்னு அவனத் தெருவச் சுத்தி, முடுக்கு வழியாக் கூட்டிட்டு வந்து, எங்க கதவத் தட்டச் சொல்லி, அவன் குடுக்க நான் வாங்க, பின்னால கையக் கட்டிக்கிட்டு நின்னு பாத்தாரு.

பிரிச்சுப் படிச்சேன். 'அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நலம், நலமறிய ஆவல். இன்று மத்தியானம் உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். அத்தை சொல்லச் சொன்னாள். இப்படிக்கு, பன்னிரண்டாம் நம்பர்.' உளுந்தஞ்சோறு என்னமோ அன்னைக்கே ஜன்னல் வழியா வந்துட்டு. கார்டுதான் மூணு நாள் கழிச்சு வந்துச்சு. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கேன், வந்தா காட்டுதேன்.

இது எந்த ஊரு, சீதபற்பநல்லூரா? நேரம் கிடக்கு.

பீரோ கதையச் சொல்லலையே! கல்யாணத்துக்குக் குடுத்த இரும்பு பீரோ. அதைப் புது வீட்டுக்குக் கொண்டு போகணும்லா. நாலு பேரு தூக்கி முடுக்குல நுழைச்சோம். நேராப் போகுது, வாசல்கிட்டத் திரும்ப மாட்டேங்குது. சாச்சுப் பாத்தோம், படுக்க வச்சுப் பாத்தோம். கடைசியில பீரோவும் திரும்பல, பின்னால நின்ன நானும் வெளிய வர முடியல. அரை மணி நேரம் பீரோவுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசிக்கிட்டு இருந்தேன். சரி, சவம் அங்கனயே இருக்கட்டும்னு திரும்ப மாமா வீட்டுப் பட்டாசல்லயே வச்சாச்சு. பட்டாசல்னா முன்னால உள்ள பெரிய ரூமு.

அதனால என்ன, துணி எல்லாம் பீரோவுல. காலையில குளிச்சு, துண்டைக் கட்டிக்கிட்டு, முடுக்கு வழியா வந்து, தெருவச் சுத்தி, மாமா வீட்டு வாசல்ல நின்னு பெல் அடிப்பேன். தனி வீட்டுக்காரன் சும்மா நுழைஞ்சிர முடியுமா? மாமா கதவத் திறந்து, "வாங்க மாப்ள வாங்க, எப்ப வந்திய"ம்பாரு. "இப்பத்தான் மாமா"ம்பேன். சட்டையப் போட்டுட்டு, "அப்ப வரட்டுமா மாமா"ன்னு சொல்லிட்டுக் கிளம்புவேன். எதுத்த வீட்டுக்காரவிய எல்லாம் அந்த நேரத்துக்குக் கோலம் போடணும்னு வெளிய வந்து நிப்பாவ. என்ன மரியாதை பாருங்க!

இனி அம்மாதான். அவ வந்துதான் பால் காய்ச்சணும்னு அதை மட்டும் தள்ளி வச்சிருந்தேன். ஊருக்குப் போனேன். "அம்மா, தனி வீடு கட்டிட்டேன். தனி வாசல், தனி நம்பர். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுதோம், நீ வரணும்"ன்னேன். வீட்டைப் பத்திக் கேப்பா, எத்தனை அடி, எந்தத் திசைன்னு கேப்பான்னு எல்லாத்துக்கும் பதில் தயார் பண்ணிட்டுப் போயிருந்தேன். ஒண்ணும் கேக்கல. வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. கண்ணுல தண்ணியா வடியுது. "எந்த பஸ்ஸுல வரணும்?"னு மட்டும் கேட்டா.

வெள்ளிக்கிழமை வந்தா அண்ணாச்சி! நான்தான் முடுக்கு வழியாக் கூட்டிட்டு வந்தேன். மாமா வீட்டு வாசப்படி நிழலு கூட அவ மேல படல, அப்படிச் சுத்திக் கூட்டிட்டு வந்தேன். பிள்ளை ஓடி வந்து காலக் கட்டிக்கிட்டு, "ஆச்சி, பஸ் ஸ்டாண்டைப் பூட்டிட்டு வந்தியா?"ன்னு கேட்டா பாருங்க!

பால் காய்ச்சணும். அப்பத்தான் தெரியுது, நம்ம வீட்டுல அடுப்பே இல்ல. நம்பரு வாங்குன மும்முரத்துல அது நெனப்பே வரல. மூணு நேரமும் ஜன்னல்ல வந்துக்கிட்டு இருந்தா அடுப்பு நெனப்பு எப்படி வரும்? நல்ல நேரம் முடிய கால் மணிதான் இருக்கு. மாமா அவிய அடுப்பத் தூக்கி ஜன்னல் வழியாக் குடுக்கப் பாத்தாரு, கம்பிக்குள்ள நுழையல. சட்டுனு ஒரு யோசனை பண்ணேன். எங்க வீட்டுப் பானை, எங்க வீட்டுப் பாலு, 12/A வெட்டுனது. உலகு அதை எடுத்துட்டு ஓடிப்போயி அந்தப் பக்கம் அத்தை அடுப்புல வச்சா. நாங்க எல்லாரும் இந்தப் பக்கம் ஜன்னல்ல நின்னு பாத்தோம். பாலு நல்லாப் பொங்கிச்சு. பானை எங்களுது, பாலு எங்களுது, தீ மட்டும்தான் அவிய தீ. இதுல தப்பு இருக்கா?

எங்கம்மாவும் ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னா. அந்தப் பக்கம் அத்தை. நாலு வருசமா மூஞ்சி பாக்காதவிய. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருக்கும். அத்தைதான் மெதுவா, "வாங்க மதினி"ன்னாவ. அம்மா முந்தானையால கழுத்தைத் துடைச்சா. முகமெல்லாம் வேர்த்திருக்கு. அப்புறம், "தொண்டை காயுது, தண்ணி குடுங்க"ன்னா.

அப்பத்தான் பாக்கேன், கையில தண்ணி பாட்டிலக் காணோம். நாலு வருசமா பாட்டில் இல்லாம தென்காசிக்கு வந்ததே இல்ல. வயசாயிட்டுல்லா, மறந்து ஊர்லயே விட்டுட்டு வந்துட்டா போல.

நான் எங்க வீட்டுத் தம்ளர எடுக்கத் திரும்புதேன், அதுக்குள்ள அத்தை ஜன்னல் வழியா ஒரு தம்ளர் தண்ணிய நீட்டிட்டாவ. எனக்கு உசிரே இல்ல அண்ணாச்சி! 'காசி – சொர்ணம்'னு பெருசா வெட்டியிருக்கு அதுல. அவிய கல்யாண நாளுக்கு நானே வெட்டிக் குடுத்தது. கொட்டை எழுத்து, பூ டிசைனு வேற. அந்த வீட்டுத் தம்ளர், அந்த வீட்டுத் தண்ணி. எங்கம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும். முடிஞ்சது சோலின்னு நின்னேன்.

அம்மா வாங்கினா. பெருவிரலால அந்த எழுத்தை ஒரு தடவை தடவினா. என்னை ஒரு பார்வை பாத்தா. அண்ணாந்து ஒரே மூச்சுல மடக்கு மடக்குன்னு குடிச்சா. குடிச்சுட்டு, "இன்னொரு தம்ளர் குடுங்க மதினி"ன்னா. அத்தை அழுதுட்டாவ. அம்மா கண்ணுலயும் தண்ணி. நல்லவேளை, கண்ணாடி போட்டுட்டு வரல அவ. எழுத்து தெரிஞ்சிருக்காது. நான் தப்பிச்சேன்!

அப்புறம் சும்மா உக்காந்து பேசிக்கிட்டு இருக்கையில ஒரு வார்த்தை கேட்டா. "ஏல, நாலு வருசத்துல ஒரு தடவை வாம்மான்னு நீ என்னக் கூப்பிட்டியால?"ன்னு. எப்படிக் கூப்பிட? நீங்களே சொல்லுங்க. அடுத்தவிய வீட்டுல இருந்துக்கிட்டு நான் எப்படி வாம்மான்னு சொல்ல? அதுக்குத்தான் இம்புட்டும் பண்ணினேன். செங்கல், சிமெண்டு, நிலை, நம்பர் எல்லாம் போட்டதாலதான வந்தா? சும்மாக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பாளா? வயசானவிய அப்படித்தான் எதையாவது பேசுவாவ.

ஆலங்குளம் தாண்டிட்டா? அப்ப கடைசி விசயத்தைச் சொல்லிருதேன்.

ராத்திரி தங்கினா. மறுநாள் காலையில கால நீட்டி உக்காந்து, "நல்லாருக்குய்யா வீடு. காத்து வருது. எம் மகன் வீடு, நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்"ன்னா. எனக்குத் தல கால் புரியல. அடுத்த வாரமே ஊர்ல இருந்து அவ கட்டில் வந்துச்சு, டிரங்குப் பெட்டி வந்துச்சு. பத்துக்குப் பன்னெண்டுல அவ கட்டில் ஒண்ணு, அதுல ஆச்சி கூடத்தான் படுப்பேன்னு பிள்ளை. எனக்கும் உலகுக்கும் காலு நீட்ட இடமில்ல. அதனால நாங்க ரெண்டு பேரும் தற்காலிகமா மாமா வீட்டுப் பட்டாசல்ல படுத்துக்கிடுதோம். எட்டு மாசமாச்சு. ஒரு வகையில வசதிதான், பீரோவும் அங்கனதான இருக்கு. பெல் அடிக்கிற வேலை மிச்சம்.

அந்த ஜன்னலு இப்ப மூடுறதே இல்ல. அம்மா இந்தப் பக்கம் ஒரு முக்காலியப் போட்டுக்கிடுதா, அத்தை அந்தப் பக்கம். நாள் முழுக்க என்னையப் பத்தித்தான் பேசிச் சிரிச்சுக்கிட்டு இருக்காவ. பெருமையாத்தான் இருக்கும்.

இந்தக் கல்லா? முழுசாப் பிரிச்சுக் காட்டுதேன், ஓரத்தைப் பிடிங்க. 'ஆவுடையம்மாள் இல்லம், 12/A'. என் பேரைத்தான் போட நெனைச்சிருந்தேன். அம்மா, "வீட்டுல யாரு இருக்காவளோ அவிய பேருதானய்யா போடணும்"ன்னா. நியாயம்தான? பெத்த தாய் பேரு, மகன் வீட்டு வாசல்ல. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

தென்காசிப் பக்கம் வந்தா அவசியம் வீட்டுக்கு வாங்க. கேட்டா, "காசி மாமா வீட்டோட மாப்பிள்ளை வீடா?"ன்னு எவனாவது கேப்பான். இல்லன்னு சொல்லிருங்க. தெரு வாசலுக்குப் போயிராதிய, அது பன்னெண்டு. முடுக்கு வழியா வந்து பை ஏ கதவத் தட்டுங்க. அம்மா திறப்பா. ஜன்னல்ல நின்னு ஒரு சத்தம் குடுப்பா, நான் அடுத்த வீட்டுல இருந்து சுத்தி வந்துருவேன்.

யாரு வந்தாலும் முதல்ல ஒரு செம்பு தண்ணி குடுப்பா. நேத்து சாயங்காலம் நான் போயிக் கதவத் தட்டினேன். திறந்து பாத்துட்டு, "அடடே, வாய்யா, எப்ப வந்த? உக்காரு, தண்ணி குடி"ன்னு ரெண்டு கையாலயும் செம்ப நீட்டினா. அதுலயும் நான் வெட்டுன நம்பரு இருக்கு. எங்கம்மா கையால, என் வீட்டுல, ஒரு செம்பு தண்ணி! நாலு வருசம் இதுக்குத்தான் ஏங்கினேன் அண்ணாச்சி. குடிச்சுட்டு, "அப்ப வரட்டுமாம்மா"ன்னு சொல்லிட்டுக் கிளம்பி வந்தேன்.